கண்களை மட்டும் பார்த்தவள்

மதியம் என்றால் அந்த மருந்துக்கடையில் ஈயோட்டும் நேரம். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கடையில் வேலை பார்ப்பவள் இருமல் மருந்துகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, முகத்தில் கைக்குட்டை கட்டிய ஒருவன் உள்ளே வந்து கத்தியை நீட்டினான்.

"கல்லாவைத் திற. சத்தம் போட்டே, குத்திடுவேன்."

அவள் கல்லாவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். இருந்ததை அள்ளிக்கொண்டு அவன் ஓடிய பிறகுதான் அழுகையே வந்தது. நெட்டையா, குட்டையா, என்ன சட்டை என்று போலீஸ் துருவித் துருவிக் கேட்டது. அந்தக் கண்களைத் தவிர அவளுக்கு எதுவும் நினைவில்லை.

சில நாள் கழித்து ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். ஆள் அகப்பட்டுவிட்டானாம்.

"ரொம்ப யோசிக்காதேம்மா, இவன்தான்னு கையைக் காட்டிட்டு வந்துடு" என்றார் முதலாளி. "ஏற்கெனவே திருட்டுக் கேஸ்ல உள்ளே போனவனாம். யோக்கியன் ஒண்ணும் இல்லே."

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனின் முகத்தில் இன்ஸ்பெக்டர் ஒரு துண்டைக் கட்டச் சொன்னார். குழி விழுந்த, சிவந்த கண்கள். 'ஆமாம்' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போது பக்கத்தில் நின்ற ஏட்டைப் பார்த்தாள். தூக்கம் கெட்டு அவருக்கும் அதே கண்கள்தான்.

"அடிச்சுச் சொல்ல முடியலை சார்."

"பயப்படறியா?"

"பயம்தான் சார். அது இவர் இல்லேன்னா?"

அவனை விட்டுவிட்டார்கள். முதலாளி அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "அவனாவே இருந்தா?" என்று வீட்டில் கணவன் கேட்டான்.

ஒரு மதியம், ஸ்டேஷனில் பார்த்தவனே கடைக்கு வந்து நின்றான். தோளில் ஒரு குழந்தை துவண்டு கிடந்தது.

"காய்ச்சல் மருந்து வேணும்கா."

அவள் பாட்டிலை எடுத்தாள். "என்ன வயசு?"

"ரெண்டு." கொஞ்சம் தயங்கினான். "அன்னைக்கு நீங்க ஆமான்னு சொல்லியிருந்தா, இதைப் பார்த்துக்க ஆளில்லைக்கா."

அந்தக் குரலுக்குள் இன்னொரு குரலைத் தேடினாள். அதுதான் போலவும் இருந்தது, இல்லை போலவும் இருந்தது. குழந்தைக்கு ஒரு வேளைக்கு எவ்வளவு மருந்து கொடுக்க வேண்டும் என்று இரண்டு தரம் சொல்லி, மருந்தை நீட்டினாள். அவன் தெருவைக் கடக்கும்வரை பார்த்துவிட்டு, ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

முதலாளி வந்ததும், "நாளையிலேர்ந்து மதியம் நான் தனியா இருக்க மாட்டேன் சார்" என்றாள்.

"இதைத் திருட்டு நடந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா?"

"அன்னைக்குச் சொல்லத் தோணலை."

அவர் முணுமுணுத்தார். ஆனாலும் மறுநாளிலிருந்து தன் சாப்பாட்டைக் கடைக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டார்.