மூன்றாவது சுவிட்சு

குழுவில் எல்லோரும் அவளைப் பெட்டிக்காரி என்பார்கள், அவள் கணவரைப் பாடகர் என்பார்கள். ஒரே வண்டியில் வந்து ஒரே மேடையில் ஏறுகிற இரண்டு பேருக்குள் மரியாதை ஒரு பக்கமாகவே சாய்ந்து நின்றது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அவர் பாட, பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து அக்கார்டியன் பெட்டி வாசிப்பது அவள் வேலை. கல்யாணம், கம்பெனி விருந்து, ஓட்டல் ஆண்டு விழா என்று வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

பழைய பெட்டியின் துருத்தி ஓரமெல்லாம் விட்டுப்போய், இழுத்தால் மூச்சிரைப்புக்காரரைப் போல இரைந்தது. "பாட்டைவிடப் பெட்டி விடுற மூச்சுதான் அதிகமா கேக்குது" என்று டிரம்ஸ்காரர் ஒத்திகையில் கிண்டலடித்தார். உடனே பாடகர், "புதுசு வாங்கிடலாம். உனக்குப் பிடிச்சதை நீயே எடுத்துக்க. இதுல நான் தலையிட மாட்டேன்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். நாலு பேர் பார்க்கும்போது தாராளமாக இருப்பது அவருக்குக் கைவந்த கலை.

கடைக்கு அலைய வேண்டியதில்லை. அவள் தம்பியே வாத்தியக் கடை வைத்திருந்தான், விற்பதும் அவன்தான், பழுது பார்ப்பதும் அவன்தான். பியானோக் கட்டை வைத்தவற்றை ஒதுக்கிவிட்டு, பொத்தான் பெட்டிகளில் இரண்டை எடுத்து அவள் முன் வைத்தான். அவள் கை சின்னது. பொத்தான்தான் அவளுக்கு வாகு.

முதல் பெட்டி சிவப்பு. உடம்பெல்லாம் கண்ணாடிக் கல். "இது மேடையில லைட்டு பட்டா சும்மா தகதகன்னு இருக்கும்" என்றார் தலையிடமாட்டேன் என்றவர். இரண்டாவது கறுப்பு, பளபளப்பு ஒன்றும் கிடையாது. பொத்தான்களுக்கு மேலே மூன்று சுவிட்சுகள்.

"முதல் சுவிட்சுக்கு ஒரு ரீடுதான் பேசும்கா. ரெண்டாவதுக்கு ரெண்டு. மூணாவதை அமுக்கினா அடிக்குரலும் சேர்ந்துக்கும்" என்றான் தம்பி.

அவள் சிவப்பைத் தொட்டுவிட்டு வைத்துவிட்டாள். கறுப்பை மடியில் ஏற்றி, பொத்தான் எதையும் தொடாமல் துருத்தியை மெல்ல விரித்துக் காற்று கசிகிறதா என்று காது கொடுத்தாள். கசியவில்லை. முதல் சுவிட்சில் குரல் புல்லாங்குழல் போல ஒல்லியாக வந்தது. இரண்டாவதில் இரண்டு ரீடு நாக்குகள் இம்மியளவு விலகி நின்று பேச, குரலில் ஒரு நடுக்கம் ஓடியது. மூன்றாவதை அமுக்கி இழுத்தாள். அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் மூட்டையோடு நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷமாக அவள் விரல்களுக்குள் இவ்வளவு இருந்ததா? யாரும் சொல்லவில்லையே!

"சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியோ?" என்றார் பாடகர், சாவியால் காதைக் குடைந்தபடி.

"இதுதான் எனக்கு வேணும்" என்றாள் அவள். கணவரிடம் இப்படி வெட்டு ஒன்று துண்டு இரண்டாக அவள் பேசியதே கிடையாது.

"சரி பாத்து, துடைச்சு, வீட்டுக்குக் கொண்டாந்து தரேன்" என்றான் தம்பி.

இரண்டு நாள் கழித்துப் பெட்டி வந்தது. வந்ததும் வராததுமாக மூன்றாவது சுவிட்சை அமுக்கி இழுத்தாள். புல்லாங்குழல்தான் வந்தது. இரண்டாவதை அமுக்கினாள், முதலாவதை அமுக்கினாள். சுவிட்சுகள் டக் டக்கென்று விழுந்தன. குரல் மட்டும் மாறவே இல்லை.

தம்பி பெட்டியை வாங்கி, அவள் எதிரிலேயே உட்கார்ந்து வாசித்தான். மூன்றாவது சுவிட்சை அமுக்கி, அவள் முகத்தைப் பார்த்து, "நல்லாத்தானே விழுது? மூணும் சேர்ந்து கும்முனு கேக்குதே. உனக்குக் கேக்கலையா?" என்றான்.

"எனக்கும் நல்லாதான் கேக்குது" என்றார் சோபாவில் இருந்த பாடகர்.

"கடையில கேட்டுச்சே" என்றாள்.

"வயசாகுதுல்லக்கா. அடிக்குரல்தான் முதல்ல காதை விட்டுப் போகும்னு சொல்வாங்க. ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது" என்றான் தம்பி. சொல்லிவிட்டுப் பெட்டியின் வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தான்.

தன் காதைவிடத் தம்பியின் வாயை நம்பினாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான். அவளை முதன்முதலில் பெட்டிமுன் உட்காரச் சொன்னவனும், அவள் வாசிப்பதைக் கேட்டு வாய்விட்டுப் பாராட்டிய ஒரே மனிதனும் அவன்தான். அவன் எதற்குப் பொய் சொல்லப்போகிறான்?

அதற்குப் பிறகு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. குழாயில் தண்ணீர் சொட்டுவதை அடுத்த அறையிலிருந்து கேட்டுப் பார்ப்பாள். குக்கர் விசில் ஒருநாள் காதில் விழாமல் போய்விடுமோ என்று அடுப்படியிலேயே நிற்பாள். பெட்டிக்காரிக்குக் காது போனால் மிச்சம் என்ன இருக்கிறது? பாடகர் குழுவில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார், ரொம்ப அக்கறையாக. டிரம்ஸ்காரர் அவளிடம் கிண்டல் பேசுவதையே விட்டுவிட்டார். "சாப்டீங்களா?" என்பதைக்கூட ஊருக்கே கேட்கும்படி கத்தினார். அவள் மேடையில் பயந்து பயந்து வாசித்தாள். அந்த ஒல்லிக் குரலுக்கு மேலே பாடகரின் குரல் ராஜா மாதிரி நடந்து போனது.

கடைசியில் யாரிடமும் சொல்லாமல் காது டாக்டரிடம் போனாள். ஒரு சின்ன அறையில் காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். எறும்பு ஊர்கிற மாதிரியான சத்தத்துக்கெல்லாம் அமுக்கினாள். டாக்டர் அம்மாள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "உங்க காது என் காதைவிட நல்லா இருக்கும்மா. கேக்கலைன்னு யார் சொன்னது?" என்றார்.

என் புருஷனும் என் தம்பியும் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலை வீட்டில் ஆளில்லை. பெட்டியை மேசைமேல் வைத்து, துருத்தியைப் பிடித்திருந்த ஊசிகளைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அதன் வாயைப் பிளந்தாள். உள்ளே மூன்று வரிசை ரீடுகள். ஒரு வரிசை எஃகு நாக்குகள் பளிச்சென்று தெரிந்தன. மற்ற இரண்டு வரிசைகள்மேலும் நீளமாகக் காகித டேப் ஒட்டியிருந்தது. காற்று புக இடமில்லை. அழகான வேலை. ஓரங்களை நகத்தால் நீவி, மூலைகள் எழும்பாமலிருக்க வளைவாகக் கத்தரித்திருந்தது. அப்படிக் கத்தரிக்கிற கை அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூட நாளில் அவள் புத்தகங்களுக்கெல்லாம் அட்டை போட்டுக் கொடுத்த கை.

நாக்குகள் வளைந்துவிடாமல் டேப்பை உரித்தெடுக்க மதியம்வரை ஆனது. பெட்டியை மூடி ஊசிகளைத் திரும்ப அடித்துவிட்டு, உரித்ததைச் சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள். மேசைமேல் அதை வைத்ததும் தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை.

"மாமா மறுநாளே வந்தாருக்கா" என்றான். "அந்தச் சத்தத்துல என் பாட்டு எடுபடாது, ஒண்ணு பெட்டியை ஊமையாக்கு, இல்லேன்னா உங்க அக்கா இனிமே மேடை ஏற மாட்டான்னாரு. நீ மேடைக்குப் போகாம இருந்துடுவியா? உன் நல்லதுக்குத்தான்..."

"சப்பைக்கட்டு கட்டாதடா. டேப்பை ஒட்டினே, அது போகட்டும். என் மூஞ்சியைப் பாத்து, கேக்கலையான்னு கேட்டியே. அதையும் அவர்தான் சொல்லிக் குடுத்தாரா?"

அவன் டேப் சுருளைக் கையில் எடுத்து, "சாயந்திரம் நிகழ்ச்சி இருக்கேக்கா. திரும்ப ஒட்டிக் குடுக்கட்டுமா?" என்றான். அவள் எழுந்து வந்துவிட்டாள். பெற்றவர்கள் போன பிறகு அவளுக்கென்று இருந்த ஒரே வாசல் அது. இனிமேல் மிதிப்பதில்லை என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துகொண்டாள். அழுகைகூட வரவில்லை, அவ்வளவு கசந்துபோயிருந்தது.

அன்று மாலை ஒரு கம்பெனியின் விருந்து. ஹால் நிறையக் கூட்டம். பாடகர் முதல் பாட்டைப் பாடி முடித்து, கைதட்டலை வாங்கிக்கொண்டு, இரண்டாவதை ஆரம்பித்தார். அவள் மூன்றாவது சுவிட்சை அமுக்கினாள்.

கடையில் கேட்ட அதே குரல் எழுந்து வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள். டிரம்ஸ்காரர் குச்சியைத் தூக்கியபடியே ஒரு தாளம் விட்டுவிட்டார். பாடகரின் குரல் இருந்த இடம் தெரியவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். அவள் நேராக அவர் கண்ணைப் பார்த்து, துருத்தியை இன்னும் அகலமாக விரித்தாள். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அது அவளுக்கும் தெரிந்தது. அந்த ஒரு நொடி அவள் வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது.

அவர் பாடுவதை நிறுத்தினார். கோபப்படவில்லை. மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுவந்து, குரலைத் தழைத்துக்கொண்டு பேசினார்.

"கொஞ்சம் பொறுத்துக்கணும். நம்ம வீட்டம்மாவுக்குக் காது சரியா கேக்காது. எவ்வளவு சத்தமா வாசிக்கிறோம்னு அவங்களுக்கே தெரியாது. இருந்தாலும் எனக்காக வாசிக்கிறாங்க. ஒரு கை தட்டுங்க."

"எனக்கு நல்லா கேக்குது!" என்று அவள் கத்தினாள். அவள் முன்னால் மைக் இல்லை. கத்தியது வேறு காது கேளாதவர் கத்துவது போலவே இருந்திருக்க வேண்டும். கூட்டம் உருகிப்போய் எழுந்து நின்று தட்டியது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். டிரம்ஸ்காரர்கூடக் குச்சிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார்.

அவள் விடவில்லை. பாட்டை முதலிலிருந்து எடுத்து, ஒரு இழை பிசகாமல் தனியாகவே முடித்தாள். முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு அம்மாள் மேடைக்குக் கிட்டே வந்தார். அவள் முகத்துக்கு நேரே குனிந்து, தன் காதைத் தொட்டுக் காட்டி, குழந்தைக்குச் சொல்வது போல உதட்டை அசைத்து அசைத்து, "ரொம்ப, நல்லா, இருந்துச்சும்மா" என்றார். பிறகு பாடகர் பக்கம் திரும்பி, "பாவம், எப்படித்தான் வச்சுச் சமாளிக்கிறீங்களோ" என்று மெல்லச் சொன்னார்.

அதுவும் அவளுக்கு நன்றாகவே கேட்டது.