பதினாறு பேரும் ஓர் அலையும்

புதுக் கணினியில் கடல் ஓடிக்கொண்டிருந்தபோது அக்கா ஜன்னல் பக்கம் முகம் திருப்பிப் படுத்திருந்தாள். வீட்டில் ஏசி இருக்கும் ஒரே அறை அவளுடையது. அதனால் என் மேசையும் அங்கேதான். யாரோ எடுக்கும் படத்துக்கு நான்கு நொடி நீளத்தில் ஒரே ஓர் அலை செய்து தர வேண்டும். பழைய கணினியின் சில்லுக்குள் கணக்குப் போடும் கோர்கள் நான்கு, இதில் பதினாறு. காலையில் தொடங்கினால் மதியத்துக்குள் அலை எழுந்து விழுந்துவிடும் என்று நம்பியிருந்தேன். மதியம் வந்தது. தூக்கத்தில் யாரோ போர்வைக்குள் முழங்காலை மடக்கியது போல, தண்ணீரில் ஒரு மேடு மட்டும் தெரிந்தது.

பாகங்களை வாங்கிக் கணினியைச் சேர்த்துத் தந்த நண்பனை எல்லோரும் வயர் என்றுதான் கூப்பிடுவோம். அவன் வந்து திரையின் மூலையில் ஒரு ஜன்னலைத் திறந்தான். கோருக்கு ஒன்றாகப் பதினாறு சின்னக் கட்டங்கள். ஒன்று விளிம்புவரை நிரம்பித் ததும்பியது. மற்றவற்றில் தரையோடு படுத்த கோடுகள்.

"பாத்தியா? மூட்டை ஒருத்தன் முதுகுல. மிச்ச பதினஞ்சு பேரும் நின்னு வேடிக்கை பாக்குறாங்க."

"அப்போ பழசே தேவலையாடா?"

"இந்த வேலைக்கு ஆமா. அதுல ஆள் கம்மி, ஆனா ஒவ்வொருத்தனும் ஓட்டக்காரன். துடிப்பு வேகம் ஜாஸ்தி. இதுல கூட்டம் ஜாஸ்தி, நடை நிதானம். நீ தலையை எண்ணி வாங்கிட்டே."

"வேலையைப் பிரிச்சுக் குடுத்தா?"

"எப்படிப் பிரிப்பே? தண்ணி இப்போ எங்க இருக்குன்னு தெரிஞ்சாதானே அடுத்து எங்க போகும்னு தெரியும்? ஒண்ணு முடியாம இன்னொண்ணு தொடங்காது." அவன் பையை எடுத்துக்கொண்டான். "அலை முடியட்டும். அப்புறம் நுரை, வெளிச்சம்லாம் போடுவே இல்ல? அதுல நொடிக்கு இருபத்துநாலு படம், ஒவ்வொண்ணும் தனித்தனி. அப்போ பாரு, எல்லாப் பயலும் எழுந்துருவான்."

அவன் போனபின் அந்த ஒற்றைக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாடிப்படியில் விழுந்து தலையில் அடிபட்ட நாளிலிருந்து அக்கா பேசவில்லை. எல்லாம் புரிகிறது, வார்த்தைதான் வரவில்லை. சின்ன வயதில் நான் பக்கவாட்டில் நடப்பேனாம். அதனால் அவளுக்கு மட்டும் நான் நண்டு. வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவளுக்குப் பேச்சு திரும்பாவிட்டால், உலகத்தில் நண்டு என்று ஒருத்தி இருந்ததே யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் எல்லோரும் கட்டிலைச் சூழ்ந்துகொண்டார்கள். சித்தி தம்ளரைக் காட்டி, "தண்ணி சொல்லு கண்ணு, தண்ணி," என்றாள். அக்காவின் கணவர், மாமா, தங்கள் கல்யாணப் படத்தை நீட்டி, "இது யாரு? என்னைத் தெரியலையா?" என்றார். அத்தை கைதட்டி ஒன்று, இரண்டு சொன்னாள். அக்காவின் கண்கள் முகத்துக்கு முகம் தாவின, பிறகு மூடிக்கொண்டன. அவள் நெற்றி நரம்பு புடைத்திருந்தது. உள்ளே ஏதோ ஒன்று, ஒன்றே ஒன்று, விளிம்புவரை நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்களேன்," என்றேன்.

"ஆமாமா, நாங்க கூட்டம் போடறோம். இவ ஒரே நிமிஷத்துல பேச வெச்சிருவா," என்றாள் அத்தை. மாமா படத்தை மெல்லக் கவிழ்த்து வைத்துவிட்டு அத்தையையும் சித்தியையும் அழைத்துக்கொண்டு போனார்.

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். "ந," என்றேன். அவ்வளவுதான். அடுத்த எழுத்தைச் சொல்லவில்லை. ஜன்னல் வெளிச்சம் போர்வையிலிருந்து ஏறிச் சுவருக்குப் போனது. திரையில் மேடு உயர்ந்து, முதுகு வளைத்து, கவிழப் போகும் இடத்தில் நின்றது.

கணினிக்குள் விசிறி திடீரென்று இரைந்தது. அலை கவிழ்ந்து கணக்கு முடிந்து, முன்பே சொல்லி வைத்திருந்தபடி நுரை தொடங்கியிருந்தது. பதினாறு கட்டங்களும் ஒன்றாக எழுந்தன. அதே நேரம் வெளியே சித்தி பாத்திரம் கழுவும் ஓசை கேட்டது. அத்தை அக்காவின் துணிகளை உதறிக் கொடியில் போட்டாள். மாமா மாத்திரைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா கண் திறந்து திரையைப் பார்த்தாள். ஒவ்வொரு படமாக அலை வெள்ளையாகிக்கொண்டிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள். உதடுகள் பிரிந்தன. நாவின் நுனி மெதுவாக முன்னால் வந்து, மேல் பற்களைத் தொட்டு, 'ந' தொடங்கும் இடத்தில் நின்றது.