நாலாம் நம்பர் அறை அண்ணாச்சி

இப்போது எழுதப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும், பென்னலூரில் எனக்குச் சொந்தமான வீட்டு வரிசையில் நாலாம் நம்பர் அறையின் கூரை அப்படியே என் தலைமேல் இறங்கட்டும். சத்தியம் செய்கிறவன் முனிரத்தினம், வயது எழுபத்து மூன்று. கிழக்கு பார்த்து உட்கார்ந்து, காலைப் பலகாரம் முடித்து, நிதானமாகத்தான் செய்கிறேன். கூரை கான்கிரீட். ஓலைக் கூரைமேல் சத்தியம் செய்கிற ஆள் நானில்லை.

பாண்டா கரடி எங்கள் ஊருக்கு வந்தது போன மார்கழியில். துறைமுகத்திலிருந்து ஒரகடத்துக்கு மெஷின் ஏற்றிப் போகும் கன்டெய்னர் லாரி ஒன்று டீக்கடை ஓரமாக நின்றது. டிரைவர் டீ குடிக்கப் போனார். பின்கதவு திறந்தது. பாண்டா இறங்கியது, சோம்பல் முறித்தது, என் வீட்டு மதிலில் தொங்கிய 'டூ லெட்' பலகையைப் படித்தது, நேராக உள்ளே வந்தது.

வாடகைக்கு வருகிறவர்களை விசாரிப்பது என் மனைவி கங்கம்மாளின் இலாகா.

"மோட்டார் போடறதுன்னா என்னைக் கேட்டுட்டுப் போடணும். செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது. ஆதார் ஜெராக்ஸ் வேணும்," என்றாள்.

பாண்டா முதல் இரண்டுக்கும் தலையாட்டியது. மூன்றாவதற்கு ஒரு காகிதத்தை நீட்டியது. அது யாருடைய ஆதார் என்று இன்றுவரை தெரியாது. ஆதார் போட்டோவில் எல்லார் முகமும் கறுப்பும் வெளுப்புமாக அப்படித்தான் இருக்கிறது என்பதால் கங்கம்மாள் மேற்கொண்டு துருவவில்லை.

"பொம்பளப் புள்ளைங்க இருக்கற எடத்துல ஆம்பளைக்கு வூடு வுடறதில்லன்னு சொல்லுவியே," என்றேன்.

"ஆம்பளன்னா சட்டைய கண்ட எடத்துல அவுத்துப் போடுவான். இதுங்கிட்ட சட்டையே இல்ல. நீ சும்மா கெட."

மற்ற அறைகளில் இருந்தவர்கள் தெற்கேயிருந்து கம்பெனி வேலைக்கு வந்த பெண்கள். அவர்கள் பாண்டாவை அண்ணாச்சி என்று கூப்பிட்டார்கள். மரியாதையான பெயர் அமைந்துவிட்டதால் நானும் இனி அவர் என்றே எழுதுகிறேன்.

அண்ணாச்சியால் தொந்தரவு எதுவும் இல்லை, சாப்பாடு ஒன்றைத் தவிர. அவருக்கு மூங்கில் வேண்டும். பென்னலூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பெனி இருக்கிறது. மூங்கில் தோப்பு இல்லை. இரண்டாம் நாள் காலை சுண்ணாம்பு அடிக்கிற எல்லப்பன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வாசலில் நின்றான்.

"யோவ் முனிரத்தினம், உன் வூட்டாண்ட சாத்தி வெச்ச மூங்கில் ஏணி இன்னா ஆச்சி?"

"கரையான் அரிச்சிருக்கும்."

"பதினாறு அடி ஏணிய ஒரே நாள்ல கரையான் துன்னுமா?"

"கொஞ்சம் பெரிய கரையான்."

எல்லப்பன் என் முகத்தையே பார்த்தான். நான் நாலாம் நம்பர் அறைக் கதவை இழுத்துச் சாத்தினேன். அவன் அன்றே அலுமினிய ஏணிக்கு மாறிவிட்டான். பிறகு என்னிடம் வந்து, லேசாகத்தான் இருக்கிறது என்று சொன்னான்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு புதன்கிழமை, முதல் அறைப் பெண் பூமாரி படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சார்ஜர் செய்கிற கம்பெனியில் டிரெய்னி. மூன்று வருடம் முடிய இன்னும் பத்தொன்பது நாள். அதுவரை ஒரு நாளும் விடாமல் நின்றால் பர்மனென்ட். ஒரு நாள் தவறினாலும் பட்டியலில் பெயர் இருக்காது.

"வெள்ளிக்கிழம எனக்கு நிச்சயம், தாத்தா. மாப்ள வீட்டுல வேன் பிடிச்சு வாராவ. பொண்ணு மட்டும் இங்க சார்ஜருக்கு மூடி போட்டுட்டு இருக்கணுமாம். லீவு கேட்டா சூப்பர்வைசர் சிரிக்காரு."

"ரகுபதிதான? இன்னா சொன்னான்?"

"ஒனக்குப் பதிலா ஒரு ஆள நிக்க வச்சிட்டு எங்க வேணா போன்னு சொல்லுதாரு."

ரகுபதி கிண்டலுக்குச் சொன்னது. ஆனால் அண்ணாச்சி ஏணியில் மிச்சம் வைத்திருந்த கடைசிப் படியைக் கடித்துக்கொண்டு அங்கேதான் உட்கார்ந்திருந்தார். மென்றதை விழுங்கினார். எழுந்தார். தன் மார்பில் இரண்டு தட்டுத் தட்டினார்.

சிரிக்கிறவர்கள் அந்தக் கம்பெனி உடுப்பைப் பார்க்காதவர்கள். தூசி படக் கூடாதென்று தலையோடு சேர்த்து வெள்ளைக் கோட்டு, வாய்க்கு மாஸ்க், கைக்கு உறை, காலுக்கு உறை. வெளியே தெரிவது கண் மட்டும். ஒரு மாதமாக ஓவர்டைம் பார்த்த அந்த லைனில் எல்லாப் பெண்களின் கண்ணைச் சுற்றியும் கருவளையம். அண்ணாச்சிக்கு அது பிறவியிலேயே உண்டு.

வியாழன் மாலை பூமாரி ஊருக்கு பஸ் ஏறினாள். வெள்ளிக்கிழமை விடியலில் அவளுடைய ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கோட்டும் மாஸ்க்குமாக, அண்ணாச்சி கம்பெனி பஸ் ஏறினார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த பஸ்ஸில் விழித்திருப்பவர் டிரைவர் ஒருவர்தான். அவரும் ரோட்டைப் பார்த்தாக வேண்டும்.

உள்ளே நடந்ததை, பக்கத்து மெஷினில் நின்ற இரண்டாம் அறைப் பெண் சுகப்பிரியா என்னிடம் சொன்னபடியே எழுதுகிறேன்.

லைன் ஓடத் தொடங்கியதும் ரகுபதி வந்து நின்றார்.

"இன்னாமா பூமாரி, ஒரே நாள்ல பூசினாப்ல ஆயிட்டுக்கீற?"

"இன்னைக்கு நிச்சயம்லா சார். நெனச்சு நெனச்சுப் பூரிச்சுப் போயிட்டா," என்றாள் சுகப்பிரியா.

"பேச மாட்டாளா?"

"லீவு தரலன்னு கோவம்."

ரகுபதி நகர்ந்துவிட்டார். அண்ணாச்சி வேலையில் சூரர். பாண்டாவுக்கு ஐந்து விரலோடு மணிக்கட்டில் ஒரு எலும்பு கட்டைவிரல் மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். மூடியை அழுத்தி மாட்ட அதைவிடத் தோதான கருவி அந்தக் கம்பெனியில் இல்லை. மணிக்கு நானூறு என்பது இலக்கு. அவர் அறுநூறு போட்டுவிட்டு நடுவில் பத்து நிமிடம் நின்றபடியே தூங்கினார். அதிலும் வித்தியாசமாக எதுவும் யாருக்கும் படவில்லை.

பதினோரு மணிக்குத்தான் விஷயம் கெட்டது. சார்ஜர் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஓர் அம்மாள் சோதனைக்கு வந்தார். தொழிலாளர்கள் சௌக்கியமாக இருக்கிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை. மேனேஜர் அவரை வரவேற்று, அதிர்ஷ்டம் என்று சொல்லி, கண்ணாடித் தொட்டியில் வளர்த்த சின்ன மூங்கில் செடி ஒன்றைக் கையில் கொடுத்திருந்தார். அந்தத் தொட்டியோடு அம்மாள் லைனுக்குள் நுழைந்தார்.

அண்ணாச்சியின் மூக்கு மாஸ்க்குக்குள்ளேயே ஆடியது. கையிலிருந்த மூடியைக் கீழே வைத்தார். மெஷினை விட்டு இறங்கினார். ஆடி ஆடி நடந்து அம்மாளின் முன்னால் போய் நின்றார்.

"பூமாரி, எடத்துக்குப் போ," என்றார் ரகுபதி.

சுகப்பிரியா கண்ணை மூடிக்கொண்டாள். பூமாரியின் மூன்று வருடமும் போயிற்று என்று நினைத்தாளாம். கண்ணைத் திறந்தபோது அண்ணாச்சி மாஸ்க்கின் அடிவழியாகச் செடியைச் செலுத்தி, வேர்வரை தின்று முடித்திருந்தார். பிறகு காலித் தொட்டியை இரண்டு கையாலும் பணிவாகத் திருப்பிக் கொடுத்தார். வயிறு நிறைந்ததால் தூக்கம் வந்துவிட்டது. அம்மாளின் தோளிலேயே தலையைச் சாய்த்தார்.

அம்மாள் அந்தக் கண்களை அருகில் பார்த்தார். பிறகு லைன் முழுக்க வரிசையாக நின்ற கண்களைப் பார்த்தார். அவர் கேட்டதை மேனேஜர் மிக மெல்லிய குரலில் தமிழில் சொன்னார்.

"இந்தப் பெண் கடைசியாக எப்போது தூங்கினாள், எப்போது சாப்பிட்டாள் என்று கேட்கிறார், ரகுபதி. பதில் சொல்."

அம்மாள் நின்ற இடத்திலேயே எழுதிக் கொடுத்தார்: லைன் முழுவதற்கும் சம்பளத்தோடு இரண்டு நாள் ஓய்வு, ஒரு மாதத்துக்கு ஓவர்டைம் கூடாது, செடியைத் தின்ற பெண்ணுக்கு நான்கு நாள் ஓய்வும், மீதி நாளைத் தள்ளுபடி செய்து பர்மனென்ட் ஆர்டரும்.

நிச்சயம் சிறப்பாக நடந்தது. புதன்கிழமை பூமாரி நிஜமாகவே வேலைக்குப் போனாள். ரகுபதி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நாலு நாள் நல்லா தூங்கினதுக்கே கண்ணு தெளிஞ்சிடுச்சி பாரேன். ஆனா பாதியா எளைச்சிட்டியேமா."

"ஆமா சார்," என்றாள் பூமாரி. ஆர்டரை வாங்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் ஆர்டர் ஒரு கையிலும் இரண்டு கிலோ கருப்பட்டி மிட்டாய் மறு கையிலுமாக வந்து நின்றாள்.

"தாத்தா, அண்ணாச்சி எங்க? அவுகளுக்குத்தான் மொத மிட்டாய்."

ஞாயிற்றுக்கிழமையே காலிக் கன்டெய்னர் ஒன்றில் அவர் துறைமுகத்துக்குத் திரும்பிவிட்டார், அட்வான்ஸைக்கூடக் கேட்கவில்லை என்று சொன்னேன். பூமாரியின் முகம் வாடியது. அவர் வந்ததும் கொடுத்துவிடுகிறேன் என்று மிட்டாயை நான் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டேன்.

"ஒனக்கு சுகர் கீது," என்றாள் கங்கம்மாள்.

"அண்ணாச்சிக்கு இல்லியே," என்றேன்.

அவர் இன்னும் வரவில்லை. மிட்டாயும் இப்போது இல்லை. சந்தேகப்படுகிறவர்கள் தாராளமாகப் பென்னலூருக்கு வந்து, முனிரத்தினம் வீட்டு வரிசை எது என்று எல்லப்பனைக் கேட்கலாம். அலுமினிய ஏணியோடு நிற்பான். வரிசையில் மொத்தம் மூன்று அறைகள்.