முடிச்சை அவிழ்த்த கை

கேரவன் கதவைத் திறந்தபடியே பிடித்து வைக்கும் கொக்கி வழியில் எங்கேயோ உடைந்துபோயிருந்தது. கடலோர மேட்டில் வண்டியை நிறுத்திய பிறகுதான் அது தெரிந்தது. நர்ஸம்மா கதவைத் திறந்ததுதான் தாமதம், காற்று அதைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் வண்டிச் சுவரில் அறைந்தது. அடுத்த வீச்சில் கதவு அதே வேகத்தில் திரும்பி வந்து படாரென்று சாத்திக்கொண்டது. உள்ளே டம்ளர்கள் எல்லாம் ஒரு ஆட்டம் ஆடி ஓய்ந்தன.

சாத்தியே வைக்கலாம் என்றால், அடுப்பைப் பற்றவைத்ததும் உள்ளே புழுங்கித் தள்ளியது. அவருடைய கணவர் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் ஊருக்கெல்லாம் அவர் டிரைவர்தான். கதவை முழுக்கப் பின்னுக்குத் தள்ளி, சுவரோடு ஒட்டவைத்து, கைப்பிடியிலிருந்து சுவர் வளையத்துக்கு நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்.

"இனி அசைஞ்சா என்னைக் கேளு" என்றார்.

கதவின் உட்புறத்தில் ஓர் ஆள் உயரக் கண்ணாடி பதித்திருந்தார்கள். கதவு சுவரோடு ஒட்டியதும் அந்தக் கண்ணாடி வெளிப்புறம் பார்த்து நின்றது. அதில் தலையை ஒதுக்கிக்கொண்ட நர்ஸம்மா, தன் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் நிற்பதைக் கண்டு துள்ளித் திரும்பினார். பக்கத்து வண்டிக்காரர். கொடிக்கம்பம் மாதிரி உயரம். கதவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன வேணும்?"

"ஒண்ணுமில்லக்கா, சும்மா..."

"சும்மா எதுக்கு இங்க நிக்கிறீங்க? உங்க வண்டி அங்கல்ல இருக்கு!"

நெட்டையர் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆஸ்பத்திரி வார்டிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர் நர்ஸம்மா. மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு "முழுங்கிட்டேன் சிஸ்டர்" என்று சிரித்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தவர். அந்தச் சிரிப்பு இந்த ஆளிடமும் இருந்ததாக அவருக்குப் பட்டது.

மறுநாள் இருவரும் கடலில் கால் நனைத்துவிட்டுத் திரும்பியபோது கதவு சுவரோடு இல்லை. பாதி திறந்த நிலையில் தயங்கி நின்றது. கயிறு தளர்ந்திருந்தது.

"நீங்க ஒழுங்கா கட்டல."

"நானா?" டிரைவர் குனிந்து பார்த்தார். "ஏம்மா, இது என் முடிச்சே இல்ல. யாரோ அவுத்துட்டு வேற மாதிரி கட்டியிருக்காங்க."

நர்ஸம்மா உள்ளே ஓடிப்போய் அலமாரி, பை, தலையணைக்கு அடி எல்லாவற்றையும் துழாவினார். ஒன்றும் குறையவில்லை. திருட வந்தவன் என்றால் கணக்கு நேராகிவிடும். ஒன்றையும் தொடாமல் கதவை மட்டும் நகர்த்திவிட்டுப் போகிறவனை என்னவென்று எடுத்துக்கொள்வது?

அன்றிலிருந்து அவர் கண்ணெல்லாம் பக்கத்து வண்டி மேல்தான். நெட்டையர் தண்ணீர் பிடிக்கப் போனால் திரும்பும்வரை பார்த்திருந்தார். அந்த வண்டியின் பக்கவாட்டு ஜன்னலில் எப்போதும் ஒரு திரை பாதி விலகியே இருந்தது. உள்ளிருந்து யாரிடமோ அவர் பேசுவது கேட்டது. பதில் பேசிய குரலுக்குரியவர் மட்டும் வெளியே தலைகாட்டவே இல்லை.

"உள்ள யாரையோ ஒளிச்சு வச்சிருக்காரு" என்றார் நர்ஸம்மா.

"நீ சும்மா இரு. லீவுக்கு வந்திருக்கோம், துப்பறிய வரல" என்றார் டிரைவர்.

ஆனால் அவரும் சும்மா இருக்க முடியாமல் போயிற்று. மறுபடியும் யாரோ கயிற்றைத் தளர்த்திவிட்டிருந்தது தெரியாமல் படியில் கால் வைத்தவர் மேல், காற்று கதவை வீசி அடித்தது. முழங்கை வீங்கிவிட்டது. நர்ஸம்மா ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டே பொருமினார்.

"முழங்கை இருந்த இடத்துல விரல் இருந்திருந்தா? இன்னைக்கு அந்த ஆளைக் கையும் களவுமா பிடிக்கிறேனா இல்லையா பாருங்க!"

ஏற்பாடு அவருடையது. டிரைவர் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு, கூடவே மனைவி வருவதுபோல் சத்தமாகப் பேசிக்கொண்டே கடற்கரைக்குப் போக வேண்டும். நர்ஸம்மா உள்ளே திரைக்குப் பின்னால் நிற்பார். டிரைவர் அப்படியே போனார். "ஆமாம்மா, நீ சொல்றது சரிதான்மா" என்று காற்றோடு பேசிக்கொண்டு போனது கொஞ்சம் அதிகப்படிதான்.

கொஞ்ச நேரத்தில் சரளைக்கல் நெறிபடும் சத்தம் கேட்டது. நெட்டையர் வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். முடிச்சை அவிழ்த்து, கதவை மெல்ல மெல்ல முன்னால் கொண்டுவந்து, தன் வண்டிப் பக்கம் திரும்பி, "போதுமா?" என்றார்.

"இன்னும் கொஞ்சம்" என்றது ஜன்னல்.

நர்ஸம்மா திரையை விலக்கிக்கொண்டு பாய்ந்தார். "எதுக்கு கொஞ்சம்? சொல்லுங்க! என் புருஷன் கையை ஒடைக்கவா?"

கதவை விட்டால் அடிக்கும் என்பதால் நெட்டையர் விடவும் முடியாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

"அவனைத் திட்டாதீங்க சிஸ்டர்" என்றது ஜன்னல். "கேட்டது நான்தான். கொஞ்சம் இப்படி வாங்களேன்."

கோபம் குறையாமலேதான் அவர் அந்த வண்டிக்குள் ஏறினார். ஜன்னலோரக் கட்டிலில், கழுத்துப் பட்டையோடு ஒருவர் மல்லாந்து கிடந்தார். நெட்டையரின் அண்ணன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவராம். ஏணியிலிருந்து விழுந்து முதுகெலும்பு அடிபட்டதாம். கடலைப் பார்க்க வேண்டும் என்று தம்பியை நச்சரித்து வந்திருக்கிறார். வந்து சேர்ந்தபோது கிடைத்தது இந்த இடம்தான். கட்டிலிலிருந்து பார்த்தால் நர்ஸம்மாவின் கேரவன் சுவர் மட்டும்தான் தெரியும்.

நர்ஸம்மா குனிந்து அவர் தலையணைக்குப் பக்கத்தில் தலையை வைத்துப் பார்த்தார். பாதி திறந்த கதவின் கண்ணாடியில் கடல் முழுசாக இருந்தது. ஒரு படகு அதன் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போய்க்கொண்டிருந்தது.

"கேட்டிருக்கலாமே" என்றார் கொஞ்சம் இறங்கிய குரலில்.

"கேக்கத்தான்க்கா முதல் நாள் வந்தேன்" என்றார் நெட்டையர் வெளியிலிருந்து. "நீங்க பார்த்த பார்வையில மறந்தே போச்சு."

அண்ணன்காரர் சிரித்தார். "உங்க வீட்டுக்காரர் தனியாப் பேசிட்டு இந்தப் பக்கமா போனாரே, நல்லாத்தான இருக்காரு?"

நர்ஸம்மாவுக்கு முகம் சுட்டது. "அதெல்லாம் நல்லாத்தான் இருக்காரு" என்றார். பிறகு என்ன தோன்றியதோ, "அது சரி, கடைசியா உங்களை எப்ப திருப்பிப் படுக்க வச்சாங்க?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

திரும்பி வந்த டிரைவர் முதலில் குதித்தார். முழங்கை அவருடையதல்லவா. நெட்டையர் பத்து தடவை மன்னிப்புக் கேட்ட பிறகுதான் அடங்கினார். அதன்பின் கதவைச் சுற்றிச் சுற்றி வந்து யோசித்தார்.

"கயிறு இழுத்துப் பிடிக்கும், தள்ளிப் பிடிக்காது" என்றார். "காத்து ரெண்டு பக்கமும் விளையாடுது. நடுவுல நிக்கணும்னா ரெண்டுக்கும் தாங்குற மாதிரி ஒரு கம்பி வேணும்."

நெட்டையரின் வண்டியில் ஒரு பழைய கூடாரக் கம்பி கிடந்தது. இரண்டு முனையையும் வளைத்து, ஒன்றைச் சுவர் வளையத்திலும் இன்னொன்றைக் கைப்பிடியிலும் மாட்டினார்கள். அது கழன்றுவிடாமல் இருக்க இரு முனையிலும் கயிற்றால் ஒரு சுற்று. பக்கத்து வண்டிக்குள்ளேயிருந்து நர்ஸம்மா, "முன்னால, இன்னும் முன்னால, அவருக்குப் பாறை தெரியணுமாம்!" என்று கத்திக்கொண்டிருந்தார். டிரைவர் கதவைப் பிடித்து இழுத்தார், தள்ளினார். அது அசையவில்லை.

"பலமா அடிச்சா இதுவும் தாங்காது. அப்ப கழட்டிச் சாத்திடுவேன், கடல் கிடையாது" என்றார் ஜன்னலைப் பார்த்து.

"சரிங்க" என்றார் அண்ணன்காரர். "ஆனா சாத்துறதுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லுங்க."

நர்ஸம்மா அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்கு ஒரு போர்வையைச் சுருட்டி அண்டை கொடுத்தார். பிறகு தானும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கண்ணாடிக்குள் டிரைவர் கடலுக்குக் குறுக்கே நின்று தலைவாரிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, தள்ளுங்க!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.