வாளிக்குப் பத்து மார்க்

புழு சாரின் மனைவி இறந்து இருபத்திரண்டாம் நாள், அவர் வீட்டுக் குளியலறை வாளியில் கல் ஈக் குஞ்சுகள் குடியேறின. ஆள் நடமாட்டமே இல்லாத மலையோடையில், கல்லுக்கு அடியில் மட்டும் வாழும் இனம் அது. முப்பது வருடமாக ஆற்றில் வலை போட்டுப் பூச்சி எண்ணுவதே அவர் உத்தியோகம் என்பதால் பார்த்ததும் தெரிந்துகொண்டார். எந்தப் பூச்சி இருக்கிறதோ, அதை வைத்துத் தண்ணீருக்கு மார்க். சாக்கடையிலும் சமாளிக்கும் சிவப்புப் புழுவுக்கு ஒன்று, கொசுப்புழுவுக்கு இரண்டு. துளி அழுக்கும் பொறுக்காத கல் ஈக்குப் பத்து. மனைவி இருந்தவரை அந்த வாளியில் சோப்பு நுரையும் கொசுப்புழுவும்தான். "ஊர் ஆத்தையெல்லாம் அளக்கிறீங்க, வீட்டு வாளியக் கழுவ ஆளில்ல" என்று திட்டித் தீர்ப்பாள். அந்தத் திட்டுக்கு இப்போது காது ஏங்கியது.

செய்தி அவருடைய அலுவலகத்துக்குப் போனது. மேலதிகாரி நேரில் வந்து, வாளித் தண்ணீரை வெள்ளைத் தட்டில் ஊற்றி எண்ணிப் பார்த்துவிட்டு, "குடுத்துவச்ச ஆள் சார் நீங்க. இவ்வளவு சுத்தமான இடம் இந்தச் சுத்துவட்டாரத்துலயே கிடையாது" என்றார். அதன்பின் எல்லா ஆறும் குளமும் அந்த வாளியோடு ஒப்பிடப்பட்டுத்தான் மார்க் வாங்கின. வாசலில் 'உள்ளே வர வேண்டாம்' என்று பலகை மாட்டினார்கள். மாட்டாவிட்டாலும் யாரும் வந்திருக்கப் போவதில்லை.

கோடையில் மகள் தன் குழந்தையோடு பத்து நாள் வந்தாள். பலகையைப் பார்த்துத் தயங்கினாள். "அது கெடக்குது, நீ வாம்மா" என்று அவரே கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். பேத்தி வாளிக்குள்ளேயே உட்கார்ந்து குளித்தாள். ஷாம்பு, எண்ணெய், அழுக்குச் சட்டை. இரண்டாம் நாள் கல் ஈ ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஏழாம் நாள், "ஐயே தாத்தா, புழு!" என்று பேத்தி அலறினாள். மார்க் இரண்டு என்று எழுதும்போது புழு சாருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இங்கேயே இருந்துவிடேன் என்ற வார்த்தை மட்டும் தினமும் தொண்டைவரை வந்து திரும்பிப் போனது.

அவர்கள் கிளம்பிய அன்று அவர் வாளியைக் கழுவவில்லை. பேத்தி விட்டுப்போன சோப்புத் துண்டை அதிலேயே நுரைக்க நுரைக்கக் கரைத்துவைத்தார். காலையில் தண்ணீர் கண்ணாடியாய்த் தெளிந்திருந்தது. கல் ஈக் குஞ்சுகள் பதினேழு. எண்ணிக்கையில் ஒருநாளும் பொய் எழுதியவர் இல்லை. பத்து என்று எழுதிவிட்டு, பலகையை எடுத்து வாசலில் மாட்டினார்.

அதிலிருந்து வருடாவருடம் அப்படித்தான்; மகள் வந்தால் இரண்டு, போனால் பத்து. ஞாயிறுதோறும் மகள் போன் செய்வாள்.

"எப்படிப்பா இருக்கீங்க?"

"பத்துக்குப் பத்தும்மா" என்பார் புழு சார், வாளியைப் பார்த்துக்கொண்டே.