போரை ஆள்பவனின் ஞானஸ்நானம்

டோனல் என்றால் ‘உலகை ஆள்பவன்’ என்று அர்த்தம். டோனல் சுல்லிவன் ஆண்டது ஒரு பால் லாரியை. அதுவும் கூட்டுறவுச் சங்கத்துடையது. ஓர்லா என்றால் ‘பொன் இளவரசி’. அவன் மனைவி ஓர்லா ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு மீன் தொழிற்சாலையில் கானாங்கெளுத்தி வெட்டினாள். அர்த்தத்துக்கும் ஆளுக்கும் ஒட்டாது என்பதற்கு வீட்டிலேயே இரண்டு சாட்சிகள் இருந்தும், மகன் பிறந்ததும் டோனல் பெயர்ப் புத்தகம் வாங்கினான்.

காரணம் ஒரு ஆடு. அயர்லாந்தின் பியரா பக்கத்தில் தடுக்கி விழுந்தால் ஏதாவதொரு சுல்லிவன் மேல்தான் விழவேண்டும். அதனால் ஒவ்வொரு சுல்லிவன் குடும்பத்துக்கும் ஊர் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தது. டோனலின் கொள்ளுத்தாத்தா வளர்த்த ஆடு, ஊருக்கு வந்த பிஷப்பின் தொப்பியைத் தின்றுவிட்டது. ஆடு போய்ச் சேர்ந்தது, பட்டம் போகவில்லை. அப்பா ஆட்டு ஜாக், மகன் ஆட்டு டோனல். பள்ளிக்கூடத்தில் ‘மே’ என்றார்கள். கால்பந்து மைதானத்தில் ‘மே’ என்றார்கள். கல்யாணத்தில் இவன் சம்மதம் சொல்ல வாயைத் திறந்தபோதும் பின்வரிசையிலிருந்து ஒரு ‘மே’ வந்தது. எல்லோரோடும் சேர்ந்து சிரித்தான், உள்ளுக்குள் வலித்தது. தன் பிள்ளைக்கு அந்த வலி வேண்டாம் என்பதுதான் அவன் ஆசை.

ஊர் வாயை அடைக்கும் பெயராகத் தேடினான். முன்னோர்களோ மிருகக்காட்சிசாலைக்குப் பெயர் வைப்பதுபோல வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஓஷீன் என்றால் மான்குட்டி, ரோனன் கடல்நாய்க்குட்டி, ஃபீலான் ஓநாய்க்குட்டி. வால் இருக்கிற எதுவும் கூடாது என்று டோனல் அடித்துச் சொன்னான்.

“அப்போ உங்கப்பா பேரையே வைப்போம். மூத்தவனுக்கு அதுதானே வழக்கம்?” என்றாள் ஓர்லா.

“எதுக்கு? இன்னொரு ஆட்டு ஜாக்கா?”

அடுப்பருகே உட்கார்ந்திருந்த அப்பா தேநீரைக் குடித்தார்.

கடைசியில் கஹல் என்று முடிவானது. ‘போரை ஆள்பவன்’. அந்தப் போர்வீரன் அப்போது பால் கக்கிக்கொண்டிருந்தான். டோனல் அர்த்தத்தை ஊர் முழுக்க விநியோகித்தான். பாலோடு சேர்த்துப் பண்ணை பண்ணையாகச் சொன்னான். ரொட்டிக்கடையில், கோயில் வாசலில், பெட்ரோல் பங்கில் சொன்னான். ஒரு சாவு வீட்டில் விதவையின் கையைப் பிடித்து வருத்தம் தெரிவித்தவன், அந்தக் கையை விடுவதற்குள் போரை ஆள்பவன் வரைக்கும் வந்துவிட்டான். அவள் பாவம், தலையாட்டினாள்.

ஞானஸ்நானம் முடிந்து எல்லோரும் பினாவின் மதுக்கடைக்கு வந்தார்கள். பன்றி இறைச்சி சாண்ட்விச்சும் கறுப்பு பியரும் சுற்றிவந்தன. டோனல் ஒரு விஷயத்தைக் கவனித்தான். காலையிலிருந்து ஒருத்தர்கூட ‘மே’ சொல்லவில்லை. மகனைத் தூக்கி நெற்றியில் முத்தமிட்டான்.

அப்போது கேக் கொண்டுவந்த வெளியூர்க்காரன் கதவில் நின்று டோனல் சுல்லிவன் யார் என்று கேட்டான். உள்ளே டோனல் சுல்லிவன்கள் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“எந்த டோனல்பா?” என்றாள் பினா, பியரை ஊற்றிக்கொண்டே. “குழந்தைக்குக் கேக்கா? அப்போ ‘அர்த்தம்’ டோனல். அதோ, கையில குட்டி அர்த்தத்தை வெச்சிருக்காரு பாரு.”

யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அது எப்போதோ பழகிவிட்டிருந்தது. ஓர்லாகூடக் கேக்குக்கு மேசையில் இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

டோனல் அப்பாவைப் பார்த்தான். ஜாக் நிதானமாக மீசை நுரையைத் துடைத்துக்கொண்டார்.

“ஆடாவது பிஷப்போட தொப்பியத் தின்னுச்சுடா,” என்றார். “நீ என்னத்தக் கிழிச்சே?”

கேக்கை முதலில் அவருக்குத்தான் வெட்டிக் கொடுத்தார்கள்.