காரணம் எழுதும் கட்டம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு கட்டம் போதாமல் பிறந்தது. எங்கள் சோப்புத் தொழிற்சாலையில் மெஷினுக்கு ஒரு நோட்டு. நின்ற நேரம், போட்ட பெட்டி, காரணம் என்று மூன்று கட்டங்கள். காரணத்துக்கு இரண்டு விரல் அகலம்தான் இடம். அதை நிரப்புகிற நானோ நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கூட்டப் பழகியவன். என் எழுத்து ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு. எப்படி அடங்கும்?

2

தொடக்கம் மூன்று தரம் எழுதிப் பார்த்தேன்.

“சூரியன் மெல்ல...” (அடித்துவிட்டேன். ஷெட்டுக்குள் சூரியன் எங்கே வந்தது?)

“பெட்டி ஒட்டும் மெஷின் என் மச்சினனுக்கு உயிர். அதை அவன்” (மனைவி எட்டிப் பார்த்ததால் பாதியில் விட்டேன். அவள் தம்பி ஆயிற்றே.)

“மூன்று வாரமாக அந்த மெஷின் நிற்கவே இல்லை.” இது இருக்கட்டும். பொய்தான். ஆனால் நோட்டில் அப்படித்தான் இருக்கிறது, எழுதியவன் நான்.

3

நிற்காத மெஷினை ஓட்டுகிறவர் படத்தைப் பலகையில் மாட்டுவார்கள். மூன்று வாரமாக மச்சினன்தான் அங்கே சிரித்துக்கொண்டிருந்தான்.

கடிகாரமும் கையுமாகச் சுற்றும் இன்ஜினியர் அம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் நிமிஷம்மா. நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: “நாள் பூரா ஓடியிருக்கு, பெட்டி மட்டும் பாதிதான். மெஷினுக்கு வயசாயிடுச்சோ?” வெள்ளிக்கிழமை அதைக் கழற்றி விற்கப்போவதாக ஆபீசில் பேச்சாம். ஓட்டுகிறவனுக்கு வேறு இடமும் இல்லையாம்.

மெஷினுக்கு ஒரு கேடும் இல்லை. ஒட்ட வேண்டிய அட்டை அடிக்கடி தாமதமாக வரும். பத்து நிமிடத்துக்கு மேல் நிறுத்தினால் பசை இறுகும்; மறுபடி சூடேற ஒரு மணி நேரம். அதனால் மச்சினன் வெறுமனே ஓடவிடுவான். வேலை நின்றாலும் மெஷின் ஓடுகிறதே என்று நான் ‘நிற்கவில்லை’ என்று எழுதுவேன்.

4

அவனை ஏமாற்றுக்காரனாக எழுதினால் கதை சூடு பிடிக்கும். ஆனால் ஏமாற்றுக்காரன் பசைச் சட்டியைத் தன் துண்டால் துடைப்பானா?

நடந்ததை நோட்டில் எழுதப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். “நீங்க எழுதப் படிச்சதே என் தம்பிய மாட்டிவிடத்தானா?” என்றாள் மனைவி. அவனோ, வேலையே போகப்போகிறது என்று சொல்லியும் படத்தைப் பற்றித்தான் முதலில் கேட்டான். பிறகு தலையைச் சொறிந்தான். “எழுதிருங்க மாமா. கொஞ்சம் திட்டாம எழுதுங்க.”

கட்டத்தைத் தாண்டி, கோட்டைத் தாண்டி எழுதினேன்: “அட்டை நாற்பது நிமிடம் வரவில்லை. பசைக்குப் பயந்து வெறுமனே ஓடவிட்டோம்.” (‘விட்டான்’ என்றுதான் முதலில் எழுதினேன். அடித்த கோடு இன்னும் இருக்கிறது.)

5

அதைப் படித்த நிமிஷம்மா அன்று முழுக்க அட்டை வண்டிக்குப் பின்னாலேயே நடந்தார். ஐந்து மெஷினுக்கு ஒரே வண்டி. ஆபீசில் பேசி வெள்ளிக்கிழமையைச் சோதனை நாளாக்கினார்: அட்டை காலையிலேயே மெஷின் பக்கத்தில் இருக்கும், நாலு மணிக்குள் பெட்டி இதுவரை போட்டதைப் போல் ஒன்றரை மடங்கானால் மெஷின் தப்பும், அவனும் தப்புவான். படத்தை மட்டும் கழற்றிவிட்டார்கள்.

மூன்றரைக்கு ஒரு பெட்டி கோணலாகச் சிக்கியது. முன்பென்றால் ஓட ஓடக் கைவிட்டு இழுப்பான். இன்று பொத்தானை அமுக்கினான். ஷெட்டே திரும்பிப் பார்த்தது.

“நின்னுச்சு மாமா. எழுதிக்குங்க,” என்றான், பரிசு வாங்கியவன் போல.

‘நாலு நிமிடம். பெட்டி சிக்கியது.’ முதல் தடவையாகக் காரணம் கட்டத்துக்குள் அடங்கியது.

6

மணி நாலாக ஐந்து நிமிடம். பெட்டிக் கட்டம் காலி. நோட்டை உங்கள் பக்கம் தள்ளுகிறேன். பென்சில் உள்ளே இருக்கிறது. மனசுக்குப் பிடித்த எண்ணைப் போட்டுவிடாதீர்கள், நின்ற நேரக் கட்டத்தில் அதை நான் மூன்று வாரம் செய்து பார்த்தாயிற்று. பெட்டிகள் அதோ, சுவரோரம். வந்து எண்ணுங்கள்.